எந்த மண்ணுக்கு எந்த இயந்திரம்?



2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம தாமிரபரணிக் கரையில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால் நெல் வயலில் மணல், தோட்டத்தில் சாய்ந்து கிடக்கிற வாழை, வாய்க்காலில் வேரோடு வந்து அடைத்துக்கொண்ட முள்மரம். அந்த நாட்களில் என்னிடம் வந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சார், எந்த மிஷினைக் கூப்பிடலாம்?"

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு யாரும் தேர்ந்தெடுத்துக் கூப்பிடவில்லை. கிடைத்த மிஷினைக் கூப்பிட்டோம். அதில் சிலருக்கு வயல் மீண்டது. சிலருக்கு மிச்சம் இருந்த மண்ணும் கெட்டது. ஆகவே மண் அள்ளுகிற, மரம் அகற்றுகிற இந்த இயந்திரங்கள் எங்கே பிறந்தன, எந்த வேலைக்காகப் பிறந்தன, நம்ம வயக்காட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதை இன்றைக்குச் சற்று விவரமாகப் பார்க்கலாம். முக்கியமாக, ஊர்ப்பக்கம் 'பாப்கேட்' என்று சொல்கிறோமே, அந்தச் சின்ன லோடரைப் பற்றி. ஸ்கிட் ஸ்டீர் லோடர் என்பது அதன் முழுப் பெயர். சறுக்கித் திரும்பும் லோடர் என்று அர்த்தம். அந்தப் பெயரில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் நம்ம ஊர்க் கதை. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் ஆரம்பித்து மருதூர் வரை ஏழு. எட்டாவதும் கடைசியுமானது நம்ம ஸ்ரீவைகுண்டம் அணை. 1869-ல் வேலை தொடங்கி 1873-ல் முடிந்தது. வடகால், தென்கால் இரண்டிலுமாக 25,560 ஏக்கர் பாசனம். டீசல் எஞ்சின் என்பதே உலகத்தில் பிறக்காத காலம் அது. மனிதக் கையும் மாட்டு வண்டியும்தான் கட்டின.

கட்டிய பிறகு பராமரிப்பும் கையாலேதான். கோடையில் வாய்க்கால் வற்றியதும் மம்பட்டியும் கூடையுமாக ஊர் கூடி இறங்கித் தூர் எடுப்பது குடிமராமத்து. வராதவர்களிடம் பணம் வசூலிக்க 1858-ம் வருஷத்திலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் இருந்தது. அந்த முறையை நான் புகழ மட்டும் செய்ய மாட்டேன். கூலி இல்லாமல் குனிந்தே இருந்தவர்களின் இடுப்பு நோவும் அந்தக் கதையில் உண்டு. ஆனால் அந்தப் பெரியவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. ஈர மண்ணை மிதிக்க மாட்டார்கள். காய விட்டுத்தான் இறங்குவார்கள். களிமண்ணுக்கு ஒரு மம்பட்டி, மணலுக்கு அகலமான இன்னொன்று, வேருக்குக் கடப்பாரையும் கோடரியும். வேலையைப் பார்த்துத்தான் கருவி. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அணை முடிந்து நாலு வருஷத்தில் இன்னொரு விருந்தாளி வந்தது. 1877 வாக்கில் ஜமைக்காத் தீவிலிருந்து வந்த விதை கடப்பைப் பக்கம் ஊன்றப்பட்டது. அதுதான் சீமைக்கருவேல். நம்ம பக்கத்துப் பேச்சில் உடை மரம். விறகுக்காகக் கொண்டுவந்த மரம், பிற்காலத்தில் குளத்துக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் இறங்கிவிட்டது. அணைக்கு மேல்புறம் வண்டல் சேர, வண்டலில் முள்மரம் வளர, மரம் மேலும் வண்டலைப் பிடித்து நிறுத்த, தண்ணீர் நிற்கிற இடம் காடாகிவிட்டது. வெட்டினால் போகாது இந்த மரம். தரையோடு வெட்டினால் கட்டையிலிருந்து நாலு தளிர் கிளம்பும். வேர்க்கழுத்தோடு, அதாவது தரைக்குக் கீழே ஒரு அடி ஆழம் வரை தோண்டி எடுத்தால்தான் போகும். அதற்குத்தான் கை போதவில்லை, இயந்திரம் தேவைப்பட்டது.

இந்திய விவசாயத்தில் பெரிய இயந்திரம் இறங்கிய கதை யுத்தத்துக்குப் பிந்தியது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் அமெரிக்கப் படை விட்டுச் சென்ற டிராக்டர்களைக் கொண்டு மத்திய டிராக்டர் நிறுவனம் என்று ஒன்றை அரசு அமைத்தது. மத்திய இந்தியாவில் நாணல் மண்டிக் கிடந்த தரிசை உழுது எடுக்கிற வேலை. 1949-ல் இந்த மாதிரி நிலச் சீர்திருத்த இயந்திரங்களுக்காக உலக வங்கி இந்தியாவுக்கு 1 கோடி டாலர் கடன் கொடுத்தது. பிறகு 1964-ல் பெங்களூரில் பாரத் எர்த் மூவர்ஸ் என்ற பொதுத்துறைக் கம்பெனி தொடங்கி, புல்டோசர் உள்நாட்டிலேயே உருவாயிற்று. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரவித் தரிசைத் தோட்டமாக்க வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடுகிற புல்டோசரை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

அடுத்து வந்தவை கம்பெனிப் பெயராலேயே ஊரில் வழங்குகிறவை. பொக்லைன் என்பது பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி. 1951-ல் எண்ணெய் அழுத்தத்தால் தோண்டுகிற தன் முதல் இயந்திரத்தைச் செய்தது. ஒரே இடத்தில் நின்று, கையை நீட்டி, ஆழமாகத் தோண்டுவது அதன் பிறவி வேலை. ஹிட்டாச்சி ஜப்பான் கம்பெனி. 1965-ல் அதே வகை இயந்திரத்தைத் தன் சொந்த முயற்சியில் செய்தது. ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயரின் பெயரெழுத்து. 1945-ல் ஒரு சின்னப் பட்டறையில் பண்ணை டிரெய்லர் செய்யத் தொடங்கியவர். 1953-ல் டிராக்டருக்கு முன்னால் அள்ளுகிற தொட்டியும் பின்னால் தோண்டுகிற கையும் வைத்தார். 1979-ல் ஹரியானாவின் பல்லப்கரில் எஸ்கார்ட்ஸ் கம்பெனியோடு கூட்டாக அதன் இந்தியத் தொழிற்சாலை வந்தது. ரோட்டில் தானே ஓடி வரும், தோண்டும், அள்ளும், ஏற்றும். ஆகவே நம்ம ஊரில் எந்த மஞ்சள் மிஷினையும் ஜேசிபி என்றே சொல்கிறோம்.

கடைசியாக நம்ம சின்ன லோடர். இது பிறந்த இடத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: வான்கோழிக் கொட்டகை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சிற்றூர். அங்கே சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்று அண்ணன் தம்பி இருவர் பட்டறை வைத்திருந்தார்கள். வான்கோழி வளர்க்கிற எடி வெலோ என்ற விவசாயி அவர்களிடம் வந்தார். அவருடைய கொட்டகை இரண்டு மாடி. உள்ளே வரிசையாகக் கம்பங்கள். எருவை அள்ள டிராக்டர் விட்டால் கம்பத்தில் இடிக்கும். மாடியில் ஏற்றினால் தளம் தாங்காது. "கம்பத்துக்கு நடுவே திரும்பணும், மாடியும் தாங்கணும், அப்படி ஒண்ணு செய்து கொடுங்க" என்றார். 1957 பிப்ரவரியில் செய்து கொடுத்தார்கள். முன்னால் இரண்டு இயங்கு சக்கரம், பின்னால் தானே சுழலுகிற ஒரு சின்னச் சக்கரம். ஆக மூன்று சக்கர வண்டி. அடுத்த வருஷம் மெல்ரோ என்ற கம்பெனி அதை மினசோட்டா மாநிலக் கண்காட்சியில் வைத்து, உரிமையையும் பெற்றுக்கொண்டது. 1960-ல் நாலு சக்கரமாயிற்று. 1962-ல் காட்டுப்பூனையின் பெயரால் பாப்கேட் என்று பெயர் சூட்டினார்கள். பட்டறையில் ஒரு விவசாயிக்காகச் செய்த சாமான் இன்றைக்கு உலகம் முழுவதும் பல கம்பெனிகள் செய்கிற இயந்திரமாகிவிட்டது.

இந்தக் கதை எதற்கு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இந்த வண்டிக்குக் காரைப் போல முன்சக்கரம் திரும்பாது. இடது பக்கச் சக்கரம் இரண்டும் ஒரே ஓட்டம். வலது பக்கம் இரண்டும் ஒரே ஓட்டம். ஒரு பக்கத்தை முன்னாலும் மறுபக்கத்தைப் பின்னாலும் ஓட்டினால் நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி திரும்பும். அப்படித் திரும்பும்போது சக்கரங்கள் உருளுவதில்லை, தரையைத் தேய்த்துக்கொண்டு சறுக்குகின்றன. கெட்டியான தளத்தில் பிறந்த வண்டிக்கு அது குறை இல்லை. சிமெண்டுத் தளம், களம், தெரு, காய்ந்த மேட்டாங்காடு, ஐந்தாறு அடி அகலக் கேட்டு, தென்னை வரிசைக்கு நடுவே உள்ள சந்து, இங்கெல்லாம் இதற்கு ஈடு இல்லை. ஆனால் ஈர நஞ்சையில் ஒவ்வொரு திருப்பமும் ஒரு குழி.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு ஓர் அண்ணாச்சியின் வயலில் மணல் ஏறிக் கிடந்தது. பெரிய மிஷின் வரப்பை உடைக்கும், சின்னதே நல்லது என்று யோசனை சொன்னவன் நான்தான். "மண்ணு காயட்டும்" என்றும் சொன்னேன். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. "மண்ணு காயுற வரைக்கும் மிஷின்காரன் காத்துக்கிட்டா இருப்பான் சார்?" என்றார் அவர். மேலே காய்ந்த மணல், கீழே இன்னும் குழைந்த களி. வண்டி இறங்கியது. மணலோடு மேல்மண்ணையும் வாரியது. திரும்பின இடத்திலெல்லாம் சக்கரம் அடிமண்ணைக் கிழித்துவிட்டது. நெல்லுக்குத் தண்ணீரைப் பிடித்து வைப்பது அந்தக் கெட்டியான அடித்தளம்தான். அது கிழிந்த இடத்தில் தண்ணீர் நிற்கவில்லை. சக்கரம் அமுக்கிய இடத்தில் வேர் இறங்கவில்லை. அடுத்த பயிர் திட்டுத் திட்டாகத்தான் வந்தது. "பரவாயில்ல சார், நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீய" என்றார் அண்ணாச்சி. அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. வண்டியின் அகலத்தைப் பார்த்தேனே ஒழிய, அது எந்தத் தரைக்குப் பிறந்தது என்று யோசிக்கவில்லை.

ஆகவே இனி எந்த மிஷினைக் கூப்பிடுவதற்கு முன்னும் ஒரு பிடி மண்ணைக் கேளுங்கள். ஒரு சாண் ஆழத்தில் மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். மெல்லிய திரி மாதிரி உடையாமல் உருண்டால் எந்தச் சக்கரமும் இறங்கக் கூடாது. உதிர்ந்து போனால் இறங்கலாம். மணல் இரண்டு மூன்று அங்குலம் மட்டும்தான் படிந்திருக்கிறது என்றால் அள்ளவே வேண்டாம். ஆழ உழுது தொழு உரத்தோடு கலந்துவிடலாம். அதற்கு மேல் இருந்தால் அள்ளுங்கள். ஆனால் கீழ் மண்ணின் நிறம் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். அள்ளியதை வெளியே ஏற்றிப் போகிறதானால், முதலில் தாலுகா அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்வது அவசியம்.

இரண்டாவது, வேலை தோண்டுவதா, அள்ளிச் சுமப்பதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் தோண்ட, உடை மரத்தை வேர்க்கழுத்தோடு எடுக்க, கரையில் நின்றபடி கை நீட்டித் தூர் வார, தோண்டும் இயந்திரம்தான் சரி. சின்ன லோடர் தோண்டப் பிறந்ததல்ல. தோண்டிப் போட்ட மரத்தைக் கவ்வி இழுத்து ஓரத்தில் சேர்க்க, வாழைக் கழிவை வார, எரு, மண், செங்கல் சுமக்க, வீட்டு முற்றம், பள்ளிக்கூட மைதானம், கோயில் நந்தவனம் இவற்றை நிரவித் தோட்டம் போட, அதற்குத்தான் அது.

மூன்றாவது, எடைக் கணக்கு. ஒவ்வொரு லோடருக்கும் கவிழும் எடை என்று ஒன்று உண்டு. சக்கர வண்டி அதில் பாதியைத்தான் தூக்கலாம் என்பது விதி. 1,400 கிலோவில் கவிழுகிற வண்டிக்கு 700 கிலோதான் அனுமதி. ரப்பர் பட்டை மாட்டிய வண்டியானால் கவிழும் எடையில் 35 சதவீதம்தான். அதிலும் தொட்டியைக் கழற்றிவிட்டு மரம் பிடிக்கிற கவ்வியை மாட்டினால், கவ்வி கூடுதலாக எவ்வளவு கனக்கிறதோ அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். பச்சை மரம் ஏறத்தாழ தண்ணீர் கனம் கனக்கும். பத்தடி நீளத் தடி ஒன்று, ஒரு அடி விட்டமானால் சுமார் 220 கிலோ. ஒன்றரை அடி விட்டமானால் 500 கிலோ. இரண்டு அடியானால் 890 கிலோ! விட்டம் இரட்டித்தால் எடை நாலு மடங்கு. கண் ஏமாற்றும், கணக்கு ஏமாற்றாது.

நான்காவது, எண்ணெய் ஓட்டம். மரத்தைத் தூளாக்குகிற கருவி, கட்டையைச் சீவித் தள்ளுகிற கருவி ஆகியவற்றை மாட்ட வேண்டுமானால், நிமிஷத்துக்கு 60 முதல் 90 லிட்டர் ஹைட்ராலிக் எண்ணெய் ஓடுகிற சாதாரண வண்டி பெரும்பாலும் திணறும். 115 லிட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி வேண்டும். வெறும் மண் அள்ள அது தேவையில்லை, வீண் செலவு. லாரியில் ஏற்றுகிற வேலை அதிகம் என்றால் கை நேர் மேலே உயருகிற வகை. தரையோடு நிரவுகிற வேலை அதிகம் என்றால் வளைவாக உயருகிற வகை. உடைமுள் கிடக்கிற இடத்தில் காற்றடைத்த டயர் ஒரு நாள் தாங்காது; கெட்டி ரப்பர் டயரா என்று கேளுங்கள். ரப்பர் பட்டை வண்டி இளகின தரையில் கொஞ்சம் நல்லது, பாரத்தைப் பரப்பிவிடும். ஆனால் அதுவும் சறுக்கித்தான் திரும்பும். முள்கட்டையில் பட்டை கிழிந்தால் செலவு பெரிது.

மரம் எடுப்பதில் இன்னும் இரண்டு சங்கதி. வேரோடு எடுக்க நினைக்கிற மரத்தை முதலிலேயே தரையோடு வெட்டிவிடாதீர்கள். நெஞ்சு உயரத்துக்குத் தண்டை விட்டு, பக்க வேரை அறுத்த பிறகு தண்டைத் தள்ளினால் அதுவே நெம்புகோல். நம்ம தாத்தாமார் கடப்பாரையோடு செய்ததும் இதைத்தான். 2017 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக மிஷின் இறங்கியது. அதே வருஷம் இடைக்காலத் தடையும் வந்தது. அந்த அவசரத்தில் தலையை மட்டும் தட்டிவிட்ட இடத்தில் மறுபடியும் காடுதான். மற்றது, பனை. வரப்பில் நிற்கிற பனையை இடைஞ்சல் என்று மிஷினை வைத்துச் சாய்த்துவிடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்திருக்கிறது. அதைவிட, கரையைப் பிடித்து நிற்பது அதுதான்.

உயிர் விஷயம் ஒன்று. தூக்கி நிற்கிற லோடர் கைக்குக் கீழே யாரும் நுழையக் கூடாது, ஒரு நிமிஷத்துக்குக் கூட. பாரத்தைத் தரையை ஒட்டியே சுமக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது கனமான பக்கம் மேலே இருக்கட்டும்: பாரத்தோடு முன்னுக்கு ஏறு, வெறும் வண்டியானால் பின்னுக்கு ஏறு. கூண்டு இல்லாத வண்டியை மர வேலைக்குச் சேர்க்கவே வேண்டாம்.

வாங்குவதா, வாடகையா? வருஷத்தில் சில நாள் வேலைக்கு ஒருவர் தனியாக வாங்குவது கட்டாது என்பது என் அபிப்பிராயம். வேளாண்மைப் பொறியியல் துறையில் அரசு வாடகைக்கு என்னென்ன இயந்திரம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். தனியாரிடம் எடுத்தால் மணிக்கணக்கு ஓடுகிற மீட்டரை ஆரம்பத்திலும் முடிவிலும் நீங்களே பாருங்கள். பத்து வயல்காரர்கள் சேர்ந்து கூப்பிட்டால், ஒருவர் வயல் காயும் வரை அடுத்தவர் வயலில் வேலை நடக்கும். "காத்துக்கிட்டா இருப்பான்?" என்ற கேள்விக்கு அதுதான் பதில். குடிமராமத்தில் கட்டாயம் இல்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பாகமும் அதுதான்: சேர்ந்து இறங்குவது.

நம்ம அணை தூர்ந்த கதையும் இதையேதான் சொல்கிறது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு, கடைசியில் விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2015-ல் உத்தரவு வாங்கித்தான் தூர்வாரும் வேலை தொடங்கியது. இயந்திரம் இல்லாததால் தூரவில்லை அணை. காலத்தில் இறங்காததால் தூர்ந்தது. உங்கள் வயலுக்கும் அப்படித்தான். இயந்திரத்தின் பெயரைக் கேட்காதீர்கள், அது பிறந்த வேலையைக் கேளுங்கள். அதற்கும் முன்னால், காலடி மண்ணைக் கையில் எடுத்து ஒரு தரம் உருட்டிப் பாருங்கள்.